தூய நகல்

"நாலு அறிக்கை வந்திருக்கு. நாலுலயும் ஒரே வார்த்தை," என்றார் உதவித்தொகை அலுவலகத்துப் பெண் அதிகாரி. கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "திருப்திகரம்."

அவள் குனிந்து படித்தாள். ஊரில் அவள் வேலை பார்க்கும் துறையின் தலைப்புத்தாள். இயக்குநரின் கையெழுத்து. ஆய்வு திட்டமிட்டபடி நடந்து வருகிறது. முன்னேற்றம் திருப்திகரம். குறிப்பிடத்தக்க இடர்பாடு எதுவும் இல்லை.

அது அவள் எழுதிய அறிக்கை இல்லை.

அதிகாரி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார். "எல்லாம் திருப்திகரமா இருக்குன்னு நாலு தடவை சொல்லிட்டு, இப்போ வந்து அஞ்சு மாசம் கூடுதலா வேணும்னு கேக்கறீங்க. ஏன்னு நான் குழுவுக்குச் சொல்லணும் இல்லையா?"

அவள் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் அவளுடைய கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே மணல். மேலிருந்து அழுக்குத் தண்ணீர் சொட்டும், கீழே சுத்தமாக வடியும். சுத்தம் செய்வது மணல் இல்லை. நாளாக ஆக மணலின் மேல் பாலாடை போல ஒரு பழுப்பு ஏடு படியும். அதற்கு உயிர் உண்டு. அதுதான் கிருமிகளைத் தின்கிறது. தண்ணீர் நிற்கக் கூடாது. போன வருடம் ஒரு நீண்ட விடுமுறையில் கட்டிடம் பூட்டிக் கிடந்தபோது பம்பு நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் மணல் காய்ந்து, ஏடு உரிந்து சுருண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டியதாயிற்று.

"புரியுது," என்றார் அதிகாரி. "பாவம்தான். ஆனா விதி இருக்கு. தாமதம் வந்தா, வந்த காலாண்டு அறிக்கையிலயே சொல்லணும். அப்பவே சொல்லியிருந்தா இன்னிக்குக் கண்ணை மூடிட்டு அவகாசம் குடுத்திருப்போம். நீங்க எழுதவே இல்லையா?"

அவள் எழுதியிருந்தாள். பம்பு, காய்ந்த மணல், எத்தனை மாதம் பின்தங்கும், எல்லாம். விதிப்படி அதைத் துறைக்கு அனுப்பினாள். துறை மேலொப்பமிட்டு இங்கே அனுப்ப வேண்டும். அவள் அனுப்பிய மின்னஞ்சல் இப்போதும் பைக்குள் இருக்கும் கைப்பேசியில் தேதியோடு இருக்கிறது. வழியில் அது யார் மேசையில் நின்றது என்றும் அவளுக்குத் தெரியும். யோசிக்கவே வேண்டாம்.

பைக்குள் கை போனது. வெறும் கையாகத் திரும்பி வந்தது.

"ஞாபகம் இல்லை. பாத்துட்டு சொல்றேன்."

அதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை குழு கூடுது. அதுக்குள்ள ஏதாவது கிடைச்சா கொண்டு வாங்க. இல்லைன்னா காலம் முடிஞ்ச அன்னிக்கு உதவித்தொகையும் முடியும், விசாவும் முடியும். பட்டம் இல்லாம ஊருக்குப் போனா ஒப்பந்தத்தை மீறினதா ஆயிடும். உங்களுக்கு ஒரு நோட்டீஸ், உங்களுக்கு ஜாமீன் போட்டவருக்கு ஒரு நோட்டீஸ். ரெண்டையும் நான்தான் அனுப்பணும்." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்குப் பிடிக்காத வேலை அது."

*

அவளோடு அறையில் தங்கியிருப்பவள் மாட்டு டாக்டர். அதே நாடு, அதே உதவித்தொகை, வேறு துறை. நான்கைந்து வயது மூத்தவள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கதையைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மெயில் கையில இருக்கு. நீட்டிட்டு வர வேண்டியதுதானே? மூளையை விமானத்துலயே விட்டுட்டு இறங்கினியா?"

"நீட்டினா என்ன ஆகும்னு தெரியுமாக்கா? உங்க ஆள் அனுப்பின அறிக்கை வேற, எங்களுக்கு வந்தது வேற, விளக்கம் தேவைன்னு இவங்க எங்க இயக்குநருக்கு எழுதுவாங்க. வெளிநாட்டுல இருந்து புகார் வந்தா இயக்குநர் சும்மா இருப்பாரா? யாரு மாத்தினதுன்னு தேடுவார். தேடவே வேண்டாம். எங்க பிரிவுல எல்லாருக்கும் தெரியும்."

"யாரு?"

"குடை."

நீர் பரிசோதனைப் பிரிவின் கண்காணிப்பாளருக்கு அந்தப் பெயர். நேரில் எல்லோரும் சார் என்பார்கள். மேலேயிருந்து எது விழுந்தாலும் அவர் தலையில்தான் விழும், கீழே இருப்பவர்கள் நனைய மாட்டார்கள். அந்தப் பிரிவிலிருந்து எந்தக் காகிதமும் எழுதியபடி மேலே போனதில்லை. எழுதியது கோப்பில் தூங்கும். அவர் உட்கார்ந்து தூய நகல் ஒன்று தயாரிப்பார். அதுதான் போகும். ஒருமுறை இளநிலை உதவியாளன் விலை உயர்ந்த கருவி ஒன்றைத் தரையில் போட்டு உடைத்தான். தூய நகலில் அது 'இயல்பான தேய்மானம்' ஆனது. இவளே ஒருமுறை இரண்டு ஊர்களின் தண்ணீர் மாதிரிகளை மாற்றி வைத்துவிட்டு அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தாள். 'துல்லியத்தின் பொருட்டு மறுபரிசோதனை செய்யப்பட்டது' என்று போனது. அன்றைக்கு அவர் காலில் விழாத குறை.

வெளிநாட்டிலிருந்து வரும் அறிக்கையும் அந்த மேசையைத் தாண்டித்தான் போகும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"நல்ல மனுஷன்," என்றாள் மாட்டு டாக்டர். "நல்ல மனுஷங்களாலதான் எனக்கும் எப்பவும் ஆபத்து. சரி, அவரு பண்ணின வேலை, அவரே பட்டுக்கட்டும்."

"ஜாமீனும் அவருதான்."

மாட்டு டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

ஜாமீன் போட ஓர் அரசு ஊழியர் வேண்டும் என்பது விதி. அவளுடைய அண்ணன் அரசு ஊழியர். முதலில் சரி என்றான். மறுநாள் அண்ணி தொலைபேசியில் வந்தாள். உங்க அண்ணனுக்கு ரத்த அழுத்தம், இந்த மாதிரி கையெழுத்தெல்லாம் போடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்.

"கையெழுத்து போட்டா அழுத்தம் ஏறுமா?" என்றாள் மாட்டு டாக்டர். "நான் மாட்டுக்குக்கூட அப்படி எழுதித் தந்ததில்லையே."

"யாரும் கிடைக்கல. கடைசி நாள். தாழ்வாரத்துல ஒப்பந்தத்தைக் கையில வச்சிட்டு நின்னேன். சார் டீ குடிக்கப் போயிட்டிருந்தார். என்னன்னு கேட்டார். சொன்னேன். ஜன்னல் விளிம்புல வச்சு, எந்த இடத்துல போடணும்னு மட்டும் கேட்டார். படிக்கவே இல்லை."

"மெயிலைக் காட்டினா அவருக்கு விசாரணை. காட்டலைன்னா உனக்குப் பட்டம் இல்லை, நோட்டீஸ் அவருக்கும் போகும்." மாட்டு டாக்டர் இரண்டு கையையும் விரித்தாள். "எப்படி வெட்டினாலும் அந்த ஆள் தலைதான்."

"அடுத்த வருஷம் ஓய்வுக்கா அவருக்கு."

மாட்டு டாக்டர் எழுந்து மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். "என்ன விதிப்புத்தகம்டி இது? இந்த நாட்டை விட்டு வெளியே போகணுமா, எழுத்துமூலம் அனுமதி. பாடம் மாத்தணுமா, அனுமதி. வீடு மாறினா தெரிவி. சம்பளத்துக்கு வேலை செய்யாதே. குடும்பத்தைக் கூட்டிட்டு வராதே. தும்மறதுக்கு மட்டும்தான் இன்னும் அனுமதி கேக்கல. அடுத்த பதிப்புல சேத்துடுவாங்க. இவ்வளவு எழுதினவன், உன் ஆபீஸ்ல ஒரு நல்ல மனுஷன் இருந்தா என்ன பண்றதுன்னு ஒரு வரி எழுதல பார்."

அன்று கணவன் அழைத்தான். மகளுக்குப் பால் பல் விழுந்திருந்தது. கேமராவுக்கு முன்னால் ஈறைக் காட்டினாள். இவள் சிரித்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

*

ஆய்வுக்கூடத்தில் யாரும் வராத நேரமாகப் பார்த்துக் கண்காணிப்பாளரை அழைத்தாள். குழாய்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா கெமிஸ்ட்!" பின்னால் மின்விசிறியும் தட்டச்சுப் பலகையும் சத்தம் போட்டன. "சாப்பிட்டியா? அங்க குளிரா? இங்க நம்ம பிரிவுல ஏசி போட்டுட்டாங்க. ஓடாது. ஆனா போட்டுட்டாங்க."

"சார், ரெண்டாவது காலாண்டு அறிக்கையில பம்பு நின்னதைப் பத்தி எழுதியிருந்தேனே..."

"ஆமா, படிச்சேன். அன்னிக்குப் பூரா மனசு சரியில்லை. எவ்வளவு பாடுபட்டிருப்ப. அதை அப்படியே அனுப்ப முடியுமா? எவனாவது ஒருத்தன் உக்காந்து கொக்கி போடுவான். பம்பை ஏன் கவனிக்கல, யாரு பொறுப்பு, விளக்கம் தேவை. அதான் எடுத்துட்டேன். உன் பேருக்கு ஒரு கீறல் விழ விடுவேனா? இப்போ படிச்சுப் பார். கண்ணாடி மாதிரி இருக்கும்."

அவள் நடந்ததைச் சொன்னாள். விதியைச் சொன்னாள். வெள்ளிக்கிழமையைச் சொன்னாள்.



"குறையைச் சொன்னா அவகாசம் தருவாங்களா?"

"ஆமா சார்."

"திட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. சொல்லாட்டிதான் தப்பு."

"அப்படியும் ஒரு ஆபீஸா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "நீ துறைக்கு அனுப்பின மெயில் உன்கிட்ட இருக்குமே," என்றார்.

"இருக்கு சார்."

"காட்டினியா?"

"இல்லை."

"ஏன்?"

அவள் ஒரு குழாயின் மூடியைச் சரிசெய்தாள்.

"உனக்குப் பைத்தியமா?" குரல் உயர்ந்தது. தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புள்ளையை விட்டுட்டு எதுக்கும்மா அங்க போன? மண்ணை வச்சு அழகு பாக்கவா? நம்ம ஊர்ப் பக்கம் எத்தனை கிராமத்துல தண்ணி..." முடிக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம். நடந்துகொண்டே பேசினார், மூச்சு வாங்கியது. "இரு. கேளு. வெளியில இருந்து வந்தா அது குற்றம். நானே போய்ச் சொன்னா தப்பு. ரெண்டும் ஒண்ணு இல்லை. நீ எதையும் காட்டாதே. நான் கடிதம் எழுதறேன். இயக்குநர் கையெழுத்தோட வரும்."

"நாள் இல்லை சார்."

"ஃபேர் காப்பி எழுத எனக்கு நாள் வேணுமா?"

*

புதன்கிழமை வரைவு வந்தது. மாட்டு டாக்டர் கைப்பேசியைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"'தவிர்க்கவியலாத நிர்வாகச் சூழலின் பொருட்டு மேற்படி அறிக்கையில் சில விவரங்கள் சுருக்கமாக அமைந்துவிட்டமையைப் பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதோடு, பயனாளியின் ஒட்டுமொத்த முன்னேற்றம் திருப்திகரமாகவே உள்ளது என்பதையும்...'" நிறுத்தினாள். "மறுபடியும் திருப்திகரமா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கார்."

"எழுதியிருக்கார். யாரு என்ன பண்ணினான்னு கண்டுபிடிக்க மோப்ப நாய் வேணும். இதை அந்த அம்மா மேசையில வச்சா என்ன சொல்லும்? உங்க ஊர்க் கடிதம் ரொம்ப மரியாதையா இருக்கு, போயிட்டு வாங்கன்னு சொல்லும்."

அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் இப்படியே போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அவரால் முடிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் அவரிடம் கேட்பது அவர் தலையையே கேட்பது போல. அறையில் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மாட்டு டாக்டர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பசுவின் கர்ப்பப்பை பற்றிய பாடத்தைத் திறந்தாள். இனி உன் பாடு என்று அர்த்தம்.

அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழைத்தாள்.

"கிடைச்சுதா?" என்றார். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"சொல்லு. இழுக்கற."

"யாரு எடுத்ததுன்னு இல்லை சார்."

"நிர்வாகச் சூழல்னு போட்டிருக்கேனே."

"சூழல் எடுக்கலையே சார்."

அவர் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் முடிந்தது.

"நான் உக்காந்து உக்காந்து பாத்தேம்மா. கை அப்படியே அந்தப் பக்கம் திரும்பிடுது. யாருக்கும் வலிக்காத மாதிரிதான் வருது. நீ சொல்லு. நான் எழுதிக்கறேன்."

அவருக்கு எழுத வேண்டியதை அவள் சொன்னதே இல்லை. பணியில் சேர்ந்த முதல் மாதம் அவளுடைய குறிப்புகளைச் சிவப்பு மையால் திருத்தித் தந்தவர். படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். போனதும் சொன்னாள்.

"பம்பு பழுதானதையும், ஆய்வை மறுபடி தொடங்க வேண்டியிருந்ததையும் பயனாளி உரிய காலத்தில் துறைக்குத் தெரிவித்திருந்தார்."

"தெரிவித்திருந்தார். ம்."

"தூய நகல் தயாரிக்கும்போது அந்தப் பகுதியைப் பிரிவின் கண்காணிப்பாளராகிய நான் நீக்கிவிட்டேன்."

பேனா நின்றது.

"அப்படியேவா?"

"அப்படியே சார்."

"நீக்கிவிட்டேன்," என்று சொல்லிப் பார்த்தார். எழுதினார். "ஏன்னு கேப்பாங்களே. என்ன போடறது?"

"ஏன் எடுத்தீங்க சார்?"

"உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான். வேற எதுக்கு?"

"அதையே எழுதுங்க."

"அதெல்லாம் அரசாங்கக் கடிதத்துல வராதும்மா," என்றார். "சரி, வை. டைப்புக்குக் கொடுக்கணும்."

*

வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் வரவில்லை. அவள் குழாய்களின் ஓட்டத்தை அளந்தாள். அளந்ததை எழுதாமல் மறந்தாள். மறுபடி அளந்தாள். அவளுடைய பேராசிரியர் எட்டிப் பார்த்து, முகம் வெளுத்திருக்கிறதே, வீட்டுக்குப் போ என்றார். அவள் போகவில்லை. இந்த ஏடு இப்போது நன்றாகப் படிந்திருந்தது. விரலால் தொடக் கூடாது. ஆனாலும் தொட வேண்டும் போல இருந்தது.

ஆய்வுக்கூடத்தைப் பூட்டும் நேரத்தில் அவர் அழைத்தார்.

"போயிடுச்சு. இயக்குநரே அனுப்பிட்டார். அந்த அம்மாவுக்கு நேரா."

"என்ன சொன்னார் சார்?"

"உள்ளே போனேன். படிச்சார். திருப்பியும் முதல்ல இருந்து படிச்சார். உக்காருங்கன்னார். உக்காரச் சொன்னாலே நல்லதுக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். 'இதுக்கு எதுக்கு உங்க தலையைக் கொடுக்கறீங்க? டைப் பண்றப்போ ஒரு பத்தி விட்டுப்போச்சுன்னு போடுங்க, எல்லாருக்கும் சுலபம்' அப்படின்னார். அவரும் கெட்டவர் இல்லை பார்."

"டைப் பண்றது அந்தப் புதுப் பொண்ணுதானே?"

"அவதான். இன்னும் நிரந்தரம் ஆகலை. ஒரு பத்தி விட்டுட்டான்னு கோப்புல ஏறினா அவளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் சொன்னேன், சார், அவ ஒரு கமாகூட விட மாட்டா, பத்தியை விட்டான்னு சொன்னா என் பல்லு கூசும்னு. அப்புறம் ஒண்ணும் பேசல. கையெழுத்தைப் போட்டார். போட்டுட்டு, உங்களுக்கு ஒரு மெமோ வரும்னார். வரட்டும் சார்னேன்." இருமினார். "வேற என்னம்மா சொல்ல?"

*

வெள்ளிக்கிழமை அவளைத் தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். கூட்ட அறையின் கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். அது தன்னைப் பற்றியா, வேறு எதையாவது பற்றியா என்று தெரியவில்லை. கதவு திறந்ததும் கோட்டு மாட்டிய நாலைந்து பேர் காபி பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அதிகாரி கடைசியாக வந்தார். தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"கொடுத்துட்டாங்க," என்றார். "அஞ்சு மாசம்."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"ஒரு நிபந்தனை. இனிமே அறிக்கை உங்க துறை வழியா வர வேண்டாம். நீங்களே எங்களுக்கு நேரா அனுப்பணும்."

"சரி."

"உங்க கண்காணிப்பாளர் கடிதத்தைக் குழுவுல நான் படிச்சேன். பல வருஷமா இங்க இருக்கேன். துறைகள் எழுதற கடிதம் எத்தனையோ பாத்திருக்கேன். நாங்க தப்பு பண்ணிட்டோம்னு ஒண்ணு வந்து நான் பாத்ததில்லை." காகிதத்தைத் தேடி எடுத்தார். "இந்த வரி. 'பயனாளிக்குத் தீங்கு எதுவும் நேரக் கூடாது என்று எண்ணியே இதைச் செய்தேன். அதனாலேயே தீங்கு நேர்ந்துவிட்டது.' இதைப் படிச்சதும் ஒருத்தரும் கேள்வி கேக்கல."

முதல் வாக்கியத்தை எழுதச் சொன்னவள் அவள். இரண்டாவது அவருடையது.

அதிகாரி கோப்பை மூடினார். மூடிய பிறகும் கையை அதன்மேல் வைத்திருந்தார்.

"திங்கட்கிழமை நான் கேட்டப்போ ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஞாபகம் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அலுவலகத்துக்குத் தவறான தகவல் கொடுத்தா அதுக்கும் ஒரு விதி இருக்கு. உதவித்தொகையையே ரத்து பண்ணலாம்."

"தெரியும்."

"திங்கட்கிழமை நாம பேசினதை நான் குறிப்பா எழுதி வைக்கணும். எழுதியிருக்கேன்." அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஒரு வரியை எழுதல. எல்லாத்தையும் எழுதிட்டு இருக்க முடியுமா?"

நன்றி சொல்லலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அதிகாரி அடுத்த கோப்பைத் திறந்துவிட்டிருந்தார்.

*

மெமோ வந்துவிட்டது. அதே பெண்தான் தட்டச்சு செய்தாளாம். கொடுக்கும்போது அழுதாளாம்.

"நான்தான் சமாதானம் பண்ணினேன்," என்றார் கண்காணிப்பாளர். "பிழையே இல்லாம அடிச்சிருக்கே, எதுக்கும்மா அழுகைன்னு கேட்டேன். இன்னும் ஜாஸ்தியா அழுதுட்டா."

விசாரணை முடியும்வரை அவர் எதிலும் கையெழுத்திடக் கூடாது. பண்டக அறைக்கு மாற்றியிருந்தார்கள். ஓய்வு பெறும் நாளில் விசாரணை முடியவில்லை என்றால் ஓய்வூதியம் நிற்கும். அவர் அதைக் கடைசியாக, வானிலை சொல்வது போலச் சொன்னார்.

"சார்," என்றாள்.

"இங்க நல்லாத்தான் இருக்கு. ஓட்டைக் குழாய், உடைஞ்ச நாற்காலி, நான். யாரும் வந்து எதையும் கேக்கறதில்லை. ஏசிகூட ஓடுது இங்க. பண்டக அறைக்கு மட்டும் எப்படி ஓடுதுன்னு தெரியல."

"நான் வந்து விசாரணையில சொல்றேன் சார். நீங்க எனக்காகத்தான்..."

"நாட்டை விட்டு வெளியே வர எழுத்துமூலம் அனுமதி வேணுமே உனக்கு."

"கேப்பேன்."

"முதல்ல பட்டத்தை வாங்கு. வந்து இங்க அஞ்சு வருஷம் உழைக்கணும், ஞாபகம் இருக்கா? அதுவும் அதே ஒப்பந்தத்துலதான் இருக்கு. நான் ஜாமீன் போட்டது அதுக்கும் சேத்துதான். அதுல நீ தப்பிக்க முடியாது." பிறகு கேட்டார். "அறிக்கை இனிமே எங்க வழியா வராதாமே?"

"நேரா அனுப்பணும்னு சொல்லிட்டாங்க."

"ம்." சற்று நேரம் எதையோ நகர்த்திக்கொண்டிருந்தார். இரும்பு உரசும் சத்தம். "அதுவும் சரிதான்."

*

காலாண்டு முடிந்தது. அவள் ஆய்வுக்கூடத்து முக்காலியில் உட்கார்ந்து முதல்முறையாக நேரடி அறிக்கையை எழுதினாள். குழாய்கள் நன்றாக வடிகட்டுகின்றன. ஏடு முதிர்ந்துவிட்டது. கிருமி எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மூன்றாவது குழாயின் அடிமூட்டில் கசிவு.

கசிவு பெரிதில்லை. ஒரு துணியைச் சுற்றினால் நின்றுவிடும். அடுத்த காலாண்டுக்குள் சரி செய்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த வரி இல்லாமல் அறிக்கையை ஒருமுறை படித்துப் பார்த்தாள். அழகாக இருந்தது. அந்த வரியோடு மறுபடி படித்தாள். அப்படியே அனுப்பினாள்.

பிறகு கண்காணிப்பாளரை அழைத்தாள்.

"அறிக்கை எழுதிட்டேன் சார். படிக்கட்டுமா?"

"படி, படி." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

அவள் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் ம் கொட்டினார். கிருமி எண்ணிக்கை வந்தபோது இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அடுத்த வரியில் ம் வரவில்லை.

"கசிவுன்னு அப்படியே போட்டுட்டியா?"

"ஆமா சார்."

தொண்டையைச் செருமினார். "அடிமூட்டில் லேசான ஈரப்பதம் காணப்படுகிறதுன்னு போட்டா..."

"அனுப்பியாச்சு சார்."